மாணவர் பணிவும் வாட்ஸ்அப்பும்: பெறுபவர் பக்கமிருந்து ஒரு மதிப்புரை

வாட்ஸ்அப் நல்ல செயலியா என்பதை இனிமேல் ஒருவர் எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்ற நிலை இல்லை. நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அது எப்படிப் பயன்படுகிறது என்பது அனைவரும் அறிந்ததே. இந்த மதிப்புரை அதனை ஒரே ஒரு பயனை முன்வைத்து அளக்கிறது. தமக்கு மதிப்பெண் இடும் அதிகாரம் உள்ள, நேரில் அதிகம் பேசிப் பழகாத விரிவுரையாளர் ஒருவருக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒரு செய்தி எழுதும்போது, அவர் மனத்தில் நினைத்த பணிவோடு அது போய்ச் சேர இந்தச் செயலி உதவுகிறதா, கெடுக்கிறதா என்பதே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவல் தெரிவிக்க இது மிக நன்று. ஐயம் கேட்கப் பரவாயில்லை. உதவியோ சலுகையோ கேட்பதற்கு இது மோசமான இடம், அந்தக் கெடுதலும் பெரும்பாலும் மாணவரையே சேர்கிறது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை' என்று ஆசிரியர் அறைகளில் வாசித்துக் காட்டப்படும் செய்திகளில் பெரும்பகுதி மரியாதையற்ற மனத்திலிருந்து வந்தவை அல்ல என்பது, அத்தகைய செய்திகளை நெடுங்காலமாகப் பெற்றுவரும் ஒருவனாக நான் கொண்டுள்ள கருத்து. மரியாதையைச் சுமந்து வரும் உறுப்புகளில் ஒன்றைக்கூட எழுதுபவரிடம் கேட்டு வாங்காத ஒரு வெற்றுக் கட்டத்திலிருந்து அவை வருகின்றன.

கடிதம் எழுதப் பழகிய தலைமுறைக்கு அனுப்புநர், பெறுநர், பொருள், விளிப்பு, 'இங்ஙனம்' என்று ஒவ்வொன்றுக்கும் தாளிலேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பணிவு தெரியாதவரும் அந்த இடங்களை நிரப்பினால் போதும், பாதிப் பணிவு தானாக வந்துவிடும். மின்னஞ்சல் அவற்றுள் சிலவற்றையாவது காப்பாற்றிக்கொண்டது; பொருள் வரியைக் காலியாக விட்டு அனுப்பினால் பல அஞ்சல் சேவைகள் இன்றும் ஒருமுறை எச்சரிக்கின்றன. வாட்ஸ்அப்பில் இருப்பது ஒரு கட்டமும் ஒரு பொத்தானும் மட்டுமே. இதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 2009இல் ஜான் கூம் இதனைத் தொடங்கியபோது இது செய்தி அனுப்பும் செயலியாகவே இருக்கவில்லை. தொலைபேசியின் முகவரிப் பட்டியலில் இருப்பவர்களின் பெயருக்குப் பக்கத்தில் 'மின்கலம் தீரப்போகிறது', 'உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கிறேன்' என்பன போன்ற நிலைக்குறிப்புகளைக் காட்டுவதே அதன் வேலையாக இருந்தது. ஒருவர் குறிப்பை மாற்றியவுடன் மற்றவர்களுக்கு அறிவிப்பு செல்லும் வசதி வந்தபின், மக்கள் அதையே உரையாடலாகப் பயன்படுத்தத் தொடங்க, செயலியும் அந்த வழியில் திரும்பியது. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் முன்பே அறிவர், எண்ணைச் சேமித்து வைத்திருப்பர் என்ற எண்ணம் அதன் அடித்தளத்திலேயே படிந்திருக்கிறது. முன்பின் அறிமுகமில்லாத இருவர், அதிலும் ஒருவர் கை ஓங்கியிருக்கும் உறவில் உள்ள இருவர், பேசிக்கொள்ள அது திட்டமிடப்படவில்லை.

இதன் முதல் விளைவு அடையாளமின்மை. மாணவரின் தொலைபேசியில் விரிவுரையாளரின் பெயர் பட்டத்தோடு பதிவாகியிருக்கும். விரிவுரையாளரின் தொலைபேசியிலோ ஓர் எண்ணும், அந்த மாணவர் தமக்குத்தாமே சூட்டிக்கொண்ட புனைபெயரும், சிங்கத்தின் படமோ சூரிய அஸ்தமனமோ காட்டும் முகப்பும்தான் தெரியும். தான் யார் என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரியும் என்று மாணவர் உண்மையாகவே நம்புகிறார், ஏனெனில் அவருடைய திரை அவருக்கு அப்படித்தான் காட்டுகிறது. 'ஐயா, என் வருகைப் பதிவு குறைவாக உள்ளது, கொஞ்சம் பாருங்கள்' என்று வரும் செய்தியில் ஆணவம் எதுவும் இல்லை; பெயரும் வகுப்பும் பதிவெண்ணும்தான் இல்லை. ஆனால் பெறுபவருக்கு, 'நீ யாரப்பா?' என்று கேட்க வேண்டிய சங்கடத்தை அது உண்டாக்குகிறது, பல வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஒருவர் அந்தச் சங்கடத்தை நாள்தோறும் பலமுறை அனுபவித்தபின், அதற்கு 'மரியாதைக் குறைவு' என்று பெயரிட்டுவிடுகிறார்.

இரண்டாவது விளைவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இரு தரப்பும் ஒருவரையொருவர் முற்றிலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அதுவே. 'வணக்கம் ஐயா' என்று ஒரு செய்தி வருகிறது. அவ்வளவுதான். அதற்குப்பின் ஒன்றும் இல்லை. மாணவர் காத்திருக்கிறார், விரிவுரையாளரும், மீதி வரும் என்று எண்ணி, காத்திருக்கிறார். சில மணி நேரம் கழித்து 'ஐயா?' என்று ஒன்று வருகிறது. மாணவரின் பார்வையில் இது பணிவின் உச்சம்: அனுமதி பெறாமல் உள்ளே நுழையக் கூடாது என்பதற்காக அவர் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிறார். நேரில் தட்டும்போது உள்ளே இருப்பவர் 'வா' என்ற ஒரே சொல்லில் அனுமதி கொடுத்துவிடலாம், அடுத்த நொடியில் விஷயமும் வெளிவந்துவிடும். வாட்ஸ்அப்பில் அந்தத் தட்டலுக்கு விடை கொடுக்க விரிவுரையாளர் தொலைபேசியை எடுத்து, திறந்து, 'சொல்லுங்கள்' என்று தட்டச்சு செய்து, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் ஓர் உரையாடலுக்குத் தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும். கேட்கப்போவது தேர்வு அறையின் எண்ணா, ஒரு வாரக் கால நீட்டிப்பா என்பது தெரியாத நிலையில் அவர் 'சொல்லுங்கள்' என்று கூறுவதே ஒரு பாதி வாக்குறுதியாகிவிடுகிறது. ஆக, அனுப்புபவர் பணிவென்று நினைத்துச் செய்த செயல் பெறுபவருக்குத் திணிப்பாகப் போய்ச் சேர்கிறது. இதற்குச் செயலியும் உடந்தை: அனுப்பும் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதாலும், நண்பர்களோடு சிறு சிறு துண்டுகளாகப் பேசியே பழகிவிட்டதாலும், வணக்கம் ஒரு துண்டு, பெயர் ஒரு துண்டு, விஷயம் மூன்று துண்டு என்று செய்திகள் உதிர்கின்றன, மறுமுனையில் அறிவிப்பு ஒலி ஐந்து முறை எழுகிறது. வணக்கத்தையும் விஷயத்தையும் ஒரே செய்தியில் எழுதும் மாணவர் முன்னவரைவிடப் பணிவில் குறைந்தவரல்லர், ஆனால் பத்து மடங்கு பணிவானவராகத் தெரிகிறார்.

இவற்றையெல்லாம் பேசுவதற்கு மொழியியலில் நல்ல கருவிகள் உள்ளன. மனிதர் ஒவ்வொருவரும் பிறர் முன்னிலையில் காத்துக்கொள்ள விரும்பும் 'முகம்' என்ற கருத்தைச் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1955இல் விளக்கினார். மொழி ஆய்வாளர்களான பெனலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் அதை ஒரு கோட்பாடாக வளர்த்து, 1987இல் திருத்தி வெளியிட்டனர். ஒரு வேண்டுகோள் எவ்வளவு மென்மையாகச் சொல்லப்பட வேண்டும் என்பது மூன்றைப் பொறுத்தது என்பது அவர்கள் கருத்து: கேட்பவரைவிடக் கேட்கப்படுபவருக்கு உள்ள அதிகாரம், இருவருக்கும் இடையிலுள்ள பழக்கத்தின் தூரம், கேட்கப்படும் பொருளின் சுமை. மாணவர் விரிவுரையாளர் உறவில் முதலிரண்டும் ஏறத்தாழ நிலையாக இருக்கின்றன. மாறுவது மூன்றாவது மட்டுமே. நாளைய வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்பதற்கும், மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பதற்கும் இடையே சுமையில் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கட்டத்தில், ஒரே நீளத்தில், ஒரே வேகத்தில் எழுதப்படும்போது அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. 'ஐயா பரிந்துரைக் கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள்' என்று வரும் செய்தி வகுப்பு நேரம் கேட்கும் செய்தியின் உடையிலேயே வருகிறது.

தமிழில் எழுதும் மாணவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். நம் வினைமுற்றில் '-உங்கள்' சேர்ந்துவிட்டால் மரியாதை வந்துவிடுகிறது. 'ஐயா', 'அம்மா', 'சார்', 'மேடம்' என்று ஒரு விளி சேர்ந்துவிட்டால் அது இரட்டிப்பாகிறது. இலக்கணம் இவ்வளவு எளிதாக மரியாதையைத் தந்துவிடுவதால், பணிவுக்கு வேறொன்றும் தேவையில்லை என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. 'இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள் ஐயா' என்ற வாக்கியத்தில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அது கட்டளை. ஆளுக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறதே ஒழிய, மறுப்பதற்கு இடம் கொடுக்கவில்லை. மொழியியலாளர் ராபின் லேக்கோஃப் 1973இல் பணிவுக்கு வகுத்த மூன்று விதிகளில் திணிக்காமல் இருப்பதும், எதிரிலிருப்பவருக்குத் தேர்வு கொடுப்பதும் முதலிரண்டாக வருகின்றன. எதிரிலிருப்பவர் நல்லுணர்வு பெறச் செய்வது மூன்றாவதுதான். நம் மாணவர்கள் மூன்றாவதை நன்றாகவே செய்கிறார்கள், முதலிரண்டில் சறுக்குகிறார்கள். 'தயவுசெய்து' என்ற சொல்லைச் சேர்ப்பதால் இந்தக் குறை தீர்வதில்லை. 'தயவுசெய்து உடனே பதில் தாருங்கள்' என்பது தயவையும் அவசரத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு, முன்னதைப் பின்னதால் அடித்துவிடுகிறது. 'இந்த வாரம் தங்களுக்கு நேரம் இருக்குமானால்' என்ற நான்கைந்து சொற்கள் அதைவிட அதிகம் சாதிக்கும், ஏனெனில் அங்கே 'நேரம் இல்லை' என்று சொல்வதற்கான வாசல் திறந்திருக்கிறது.

இது தமிழ் மாணவர்களின் குறை மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேக்க மொழி பேசும் சைப்ரஸ் மாணவர்கள் தம் பேராசிரியர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சல்களை ஆராய்ந்து மரியா எகோனோமிடூ-கோகெட்சிடிஸ் 2011இல் வெளியிட்ட கட்டுரை, அளவுமீறிய நேரடித் தன்மை, மென்மையாக்கும் சொற்கள் இல்லாமை, விளிப்பும் முடிப்பும் விடுபடுதல் ஆகியவற்றையே அங்கும் கண்டது. ஷோஷனா பிளம்-குல்கா முதலிய ஆய்வாளர்கள் 1980களில் பல மொழிகளின் வேண்டுகோள்களை ஒப்பிட்டபோது, ஒவ்வொரு வேண்டுகோளிலும் கேட்கும் வாக்கியம் ஒன்றும், அதைத் தாங்கும் துணைக் கூற்றுகள் சிலவும் இருப்பதைப் பிரித்துக் காட்டினர்: காரணம் சொல்வது, தொந்தரவுக்கு வருந்துவது, முன்கூட்டியே அறிவிப்பது முதலியன. கட்டத்தின் குறுக்கம் முதலில் தின்பது இந்தத் துணைக் கூற்றுகளைத்தான். இத்தனைக்கும் வாட்ஸ்அப்பில் எழுத்து எண்ணிக்கைக்கு நடைமுறையில் தடை எதுவும் இல்லை. குறுஞ்செய்தியின் 160 எழுத்து வரம்பு, முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்ட 1992 டிசம்பருக்கும் முன்பே தொழில்நுட்பக் காரணங்களால் வகுக்கப்பட்டது. அந்த வரம்பு போனபின்னும் அது வளர்த்த சுருக்கம் பழக்கமாக நின்றுவிட்டது.

இனிச் செயலியின் வசதிகளை ஒவ்வொன்றாக இந்த ஒரே நோக்கில் பார்க்கலாம்.

2014 நவம்பரில் வந்த நீலக்குறிகள் இந்த உறவுக்கு நன்மை செய்யவில்லை. செய்தி படிக்கப்பட்டது என்பது மாணவருக்குத் தெரிந்தவுடன், பதில் வராத ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு ஒரு பொருளைத் தரத் தொடங்குகிறது. படித்தவர் யோசித்துக்கொண்டிருக்கலாம், அலுவலகத்தில் விசாரிக்க வேண்டியிருக்கலாம், சாலையோரத்தில் நின்றபடி ஒருமுறை பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். மாணவருக்கோ அது புறக்கணிப்பு. அதன் விளைவாக 'பார்த்துவிட்டீர்கள் ஐயா, பதில் வரவில்லையே' என்று அடுத்த செய்தி எழுகிறது. பதவியில் மேலிருப்பவரிடம் நேரில் எந்த மாணவரும் பேசத் துணியாத வாக்கியம் அது. அமைப்பில் இக்குறியை அணைத்துவைக்கலாம், ஆனால் அணைப்பவர் பிறருடைய குறிகளையும் காண முடியாது. குழுக்களில் அணைக்கவே இயலாது. 'இணைப்பில் உள்ளார்' என்ற காட்டியை மறைக்கும் வசதி 2022இல்தான் வந்தது. விரிவுரையாளர்கள் இவ்விரண்டையும் செய்துகொள்வது நல்லது. அதனால் அவர்கள் ஒளிந்துகொள்வதாக ஆகாது. மாணவரின் கவலைக்குத் தீனி குறைகிறது, அவ்வளவே.

நேரத்தைப் பொறுத்தவரை செயலியின் குறை பெரிது. நள்ளிரவில் ஒப்படைப்பை முடித்துவிட்டு ஐயம் எழும் மாணவர் அதே நொடியில் எழுதிவிட விரும்புவது இயல்பு. மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறார், அது மறுமுனையில் அதே நள்ளிரவில் ஒலிக்கிறது. 'இந்நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்' என்று தொடங்கும் செய்திகளை நான் எப்போதும் சற்றுக் குறும்பாகவே படிப்பேன், ஏனெனில் மன்னிப்பும் குற்றமும் ஒரே ஒலியில் வந்து சேர்கின்றன. டெலிகிராம் செயலி 2019லேயே ஒலியின்றி அனுப்பும் வசதியையும், குறித்த நேரத்தில் போய்ச் சேருமாறு எழுதி வைக்கும் வசதியையும் தந்துவிட்டது. அதே ஆண்டில் ஜிமெயிலிலும் நேரம் குறித்து அனுப்புவது வந்தது. இரவில் எழுதிக் காலை 9 மணிக்குப் போய்ச் சேருமாறு வைப்பது ஒரு வரிகூட எழுதாமல் காட்டக்கூடிய பணிவு. வாட்ஸ்அப் நெடுங்காலம் இந்த வசதி இல்லாமலே இயங்கியது, அந்தக் காலத்தில் உருவான பழக்கம் இன்று வேரூன்றிவிட்டது.

திருத்தம் பற்றி நல்லது சொல்லலாம். 2023 மே மாதத்திலிருந்து, அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள் திருத்த முடிகிறது. விரிவுரையாளரின் பெயரைத் தவறாக எழுதிவிட்டதை உணர்ந்து வியர்க்கும் மாணவருக்கு இது பெரும் ஆறுதல். 'திருத்தப்பட்டது' என்ற சிறு குறிப்பு யாரையும் உறுத்துவதில்லை. 2017இல் வந்த 'அனைவருக்கும் நீக்கு' வசதி இதற்கு நேர் எதிர். செய்தி மறைந்தாலும், நீக்கப்பட்டது என்ற சுவடு அங்கேயே நிற்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது, ஏன் நீக்கினார் என்ற கேள்வி பிழையைவிட அதிக நேரம் நினைவில் தங்குகிறது. பிழை சிறிதென்றால் திருத்துவதும், பெரிதென்றால் அடுத்த வரியில் ஒப்புக்கொள்வதும் மேல்.

வந்த செய்தியின் மேலேயே ஒட்டிப் பதிலளிக்கும்படி 2022இல் வந்த உணர்ச்சிக் குறிகளை நான் முதலில் விளையாட்டுப் பொருளாகவே கருதினேன், இப்போது இந்தச் செயலியின் மிகப் பணிவான உறுப்பு இதுதான் என்று தோன்றுகிறது. காரணம் எளிது. விரிவுரையாளர் பதில் சொல்லிவிட்டார். மாணவர் 'நன்றி ஐயா' என்கிறார். விரிவுரையாளர் 'சரி' என்கிறார். மாணவர் அதை அப்படியே விட்டுவிடலாமா என்று தயங்கி இன்னொரு 'நன்றி' அனுப்புகிறார். முடிவு யாருடைய கையில் என்று தெரியாத இந்த நீட்சி இருவருக்கும் சோர்வு. தொடக்கத்தில் தரப்பட்ட ஆறு குறிகளில் கைகூப்பும் குறியும் இருந்தது நமக்கு நல்வாய்ப்பு: ஒற்றைத் தொடுகையில் புதிய செய்தி எதுவும் இல்லாமல், நன்றியோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. கட்டைவிரல் குறியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. மேலதிகாரி கீழுள்ளவருக்கு ஒப்புதல் தரும் சாயல் அதில் இருப்பதாகப் பலர் உணர்கிறார்கள், ஆகவே மாணவரிடமிருந்து விரிவுரையாளருக்குச் செல்லும்போது அது இடறுகிறது.

குரல் செய்தி பற்றி நீட்ட வேண்டியதில்லை. முன்பே இசைவு பெறாமல் விரிவுரையாளருக்குக் குரல் செய்தி அனுப்பக் கூடாது. கேட்பவர் அதை ஓரக்கண்ணால் பார்த்து முக்கியத்துவத்தை அறிய முடியாது, தனியிடம் தேட வேண்டும், பின்னொரு நாள் தேடி எடுக்கவும் முடியாது.

செய்தியை மெருகேற்றித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் மாணவர் செய்திகளின் நடை கண்ணுக்குத் தெரியும்படி மாறியது, 2025இல் வாட்ஸ்அப்பே தன் கட்டத்துக்குள் எழுத உதவும் வசதியை அறிவித்தது. கரடுமுரடான வரியைக் கொடுத்தால் தொழில்முறை நடையில் மாற்றித் தருகிறது. இது செய்யும் வேலை பாதி மட்டுமே. எழுதுபவரின் தொனியை அது மாற்றுகிறது. எழுதுபவர் யார், எந்த வகுப்பு, எந்தத் தாள், எந்தத் தேதிக்குள் என்ற விவரங்களை அதனால் இட்டு நிரப்ப முடியாது, பெறுபவருக்கு உண்மையில் தேவைப்படுவதோ அவைதான். இன்னொரு புறம், வகுப்பறை எண்ணைக் கேட்பதற்குக் கூட 'தங்களின் பொன்னான நேரத்தையும் அளவற்ற பொறுமையையும் பெரிதும் மதிக்கும் அதேவேளையில்' என்று தொடங்கும் ஐந்து வரிகள் வரும்போது, சுமைக்கும் மென்மைக்கும் இடையிலான விகிதம் எதிர்த் திசையில் கெடுகிறது. சிறு உதவிக்குப் பெரும் பணிவு கிண்டலாகத் தொனிக்கும், அல்லது அதற்குப்பின் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்ற எச்சரிக்கையை எழுப்பும். ஒரே வகுப்பைச் சேர்ந்த பலரும் ஒரே அச்சில் வார்த்த பணிவோடு எழுதும்போது, அந்தப் பணிவு யாருடையதுமாக இல்லாமல் போய்விடுகிறது. பிழைகளோடு வரும் நான்கு வரிச் செய்தியை நான் அதைவிட விரும்பிப் படிக்கிறேன்.

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக ஒன்றை இங்கே எழுதிக் காட்டுகிறேன். பெயரும் பதிவெண்ணும் அவரவருடையது. 'வணக்கம் அம்மா. இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி இன்னார், பதிவெண் இன்னது. காய்ச்சலால் நேற்றைய ஆய்வகத் தேர்வுக்கு வர இயலவில்லை. மருத்துவரின் சான்று என்னிடம் உள்ளது. இதற்கு மறுதேர்வு எழுத வாய்ப்பு இருக்குமா என்று தெரிந்துகொள்ளலாமா? நேரில் வந்து கேட்பது முறை என்றால், தங்களுக்கு வசதியான நேரத்தில் துறைக்கு வருகிறேன். நன்றி.' இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. வணக்கமும் விஷயமும் ஒன்றாக வந்துவிட்டன. காரணம், வேண்டுகோளுக்கு முன் நிற்கிறது. கேட்பது மறுதேர்வை அன்று, மறுதேர்வுக்கு வாய்ப்பு உண்டா என்பதை. ஆகவே 'இல்லை' என்று சொல்வது விரிவுரையாளருக்கு எளிது, எளிதாக இருப்பதாலேயே அவருக்குப் 'பார்க்கலாம்' என்று சொல்லவும் மனம் வரும். கடைசிக்கு முந்தைய வாக்கியம் இந்த ஊடகம் போதாது என்பதை மாணவி அறிந்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. இதே செய்தியைப் பேச்சுத் தமிழில் எழுதினாலும் பணிவு குறையாது என்பது என் துணிபு. நேரில் பேசும்போது குரலும் முகமும் செய்யும் வேலையைத் திரையில் வாக்கிய அமைப்புத்தான் செய்ய வேண்டும். 'வரலாமாங்க அம்மா' என்பது 'வருகிறேன்' என்பதைவிடப் பல இடங்களில் நன்றாகவே அந்த வேலையைச் செய்கிறது.

இதுவரை ஒரு பக்கத்தையே பேசினேன். செயலி விரிவுரையாளரின் முகத்தையும் இதே அளவுக்குக் கெடுக்கிறது, ஆனால் யாரும் அவரிடம் சென்று சொல்வதில்லை. ஆறு வரி எழுதிய மாணவருக்கு 'சரி.' என்று முற்றுப்புள்ளியோடு ஒரு சொல் பதில் போகிறது. எழுதியவர் வேலையை முடித்த திருப்தியில் புள்ளி வைக்கிறார். படிப்பவருக்கு அது கோபம். பிங்ஹாம்டன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள், ஒற்றைச் சொல் பதில் முற்றுப்புள்ளியோடு வரும்போது, அது இல்லாமல் வருவதைவிட மனப்பூர்வம் குறைந்ததாகப் படிக்கப்படுகிறது என்று கண்டறிந்தனர். கைபேசிச் செய்தியில் மட்டுமே இந்த வேறுபாடு தெரிந்தது, கையால் எழுதிய குறிப்பில் தெரியவில்லை என்பது அவர்கள் கண்டதில் சுவையான பகுதி. மாணவர் பணிவைப் பற்றிக் குறைசொல்லும் விரிவுரையாளர்கள் தாம் அனுப்பிய செய்திகளை ஒருமுறை மேலேற்றிப் பார்த்தால், வணக்கமோ பெயரோ இல்லாமல் 'பார்த்தேன்', 'பிறகு', 'அலுவலகத்தில் கேள்' என்று வரிசையாக நிற்பதைக் காணலாம். அதிகாரம் உள்ளவருக்குச் சுருக்கம் உரிமை என்பது எழுதாத விதி. ஆனால் அந்த நடையைத்தான் மாணவர் பார்த்து, இந்த ஊடகத்தில் இப்படித்தான் எழுதுவார்கள் போலும் என்று கற்கிறார்.

குழுக்களுக்கு வருவோம். அறிவிப்புக்கென்று வகுப்புக் குழு வைத்திருப்பவர்கள், நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பைப் பயன்படுத்தலாம். 2018 முதல் அது உண்டு. திறந்த குழுவில் ஒரு மாணவர் தம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டுவிட்டால் அங்கே முகம் இழப்பவர் இருவர்: எல்லாரும் பார்க்கக் கேட்டவரும், எல்லாரும் பார்க்கப் பதில் சொல்ல வேண்டியவரும். அத்தகைய கேள்விக்குக் குழுவில் பதில் எழுதாமல், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் தனிப்பட்ட முறையில் பதிலளிக்கும் வழியைத் தேர்ந்துகொள்வது விரிவுரையாளர் காட்டக்கூடிய நல்ல பணிவு.

பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் முறையீடு, கால நீட்டிப்பு ஆகிய மூன்றையும் மின்னஞ்சலுக்கே தள்ளிவிடுவது என் பரிந்துரை. பொருள் வரி ஒன்றே அங்கு பாதிப் பணிவைச் செய்துவிடும், பின்னர் தேடி எடுக்கவும் ஆவணமாக நிற்கவும் அதுவே ஏற்றது. வாட்ஸ்அப்பை விட முடியாத விரிவுரையாளர்களுக்கு, 2018இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். கடை வைத்திருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது, கட்டணமில்லை. ஆனால் வேலை நேரத்தைக் காட்டுவதும், அந்நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகவே பதில் அனுப்புவதும், அடிக்கடி எழுதும் பதில்களைச் சேமித்து வைப்பதும் அதில் உண்டு. 'செய்தி கிடைத்தது. வேலை நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை பதிலளிப்பேன். தங்கள் பெயர், வகுப்பு, பதிவெண், கேள்வி ஆகியவற்றை ஒரே செய்தியில் எழுதியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு தானியங்கிப் பதிலை வைத்துவிட்டால், நள்ளிரவில் எழுதியவருக்கும் உடனே விடை கிடைத்துவிடுகிறது, நீலக்குறியை வெறித்துப் பார்க்கும் தேவையும் குறைகிறது. ஒரு திருத்தம் மட்டும் தேவை: அந்தப் பதிலின் இறுதியில், தேர்வு நாள் காலையிலோ மருத்துவ அவசரத்திலோ எழுதுபவர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று துறை அலுவலகத்தின் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும்.